நீர்விழுங்கி விழித்தால் மூழ்கும் பகுதி

கெலிஓயாவில் பஹீமைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவனிடம் ஒரு நாடு இருக்கிறது என்பது போன மார்ச் மாதம் வரைக்கும் மூன்றே பேருக்குத்தான் தெரியும்.

கண்டி டவுனில் ஒரு நில அளவையாளரிடம் பதினொரு வருடமாகப் படம் வரைகிறவன் அவன். காணியை அளந்துகொண்டு வருவது பெரியவரின் வேலை. அதைக் கோடும் எண்ணுமாகத் தாளில் இறக்குவது இவன் வேலை. பகல் முழுவதும் மற்றவர்களின் வேலிகளை வரைந்துவிட்டு வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, தன்னுடைய நாட்டை வரைவான். அதன் பெயர் அந்திநாடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் லுஹர் தொழுது, பகல் சோறு முடிந்த பிறகு, அவனுடைய வீட்டு முன்னறை மேசையைச் சுற்றி மூன்று கதிரைகள் நிறையும். பஹீம் அந்திநாட்டில் என்ன நடக்கிறது என்று சொல்வான். எந்த ஊர், முன்னால் யார் நிற்கிறார், என்ன கேட்கிறார் என்று சொல்லிவிட்டு நிறுத்துவான். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேடத்தில் இருந்துகொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும்; எண் பெரிதாக விழுந்தால் பலிக்கும். ஆட்டம் அவ்வளவுதான். அவனுடைய மனைவி ஸக்கியா பூட்டுத் திறக்கும் கள்ளியாக வருவாள். பேராதனையில் பல் டொக்டராக இருக்கும் யாழ்ப்பாணத்துத் திவாகரன் மந்திரவாதி. கண்டி ஃபார்மசி ஒன்றில் வேலை செய்யும் சிந்துஜா வில்லெடுத்தவள். அவளுக்குச் சொந்த இடம் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்.

மூன்று வருடத்தில் பஹீம் ஆறு சி.ஆர். கொப்பிகளை, தடித்த அட்டை நோட்டுகளை, எழுதி நிரப்பியிருந்தான். அந்திநாட்டின் உப்புச் சட்டம் ஒரு கொப்பியில் இருந்தது. ஆட்டுக்கு அந்நாட்டின் நான்கு வட்டார மொழிகளிலும் என்ன பெயர், விதவைக்கு எத்தனை மரம் சேரும், முப்பத்தெட்டு வருட மழை வீழ்ச்சி, எல்லாம் அட்டவணையாக இருந்தன. நாட்டின் நடுவே ஒரு குகை. அதற்குள் எழுநூறு வருடமாகத் தூங்கும் நீர்விழுங்கி என்ற பாம்பு. அது விழித்தால் வயிற்றிலிருக்கும் ஏழு ஆற்றையும் கக்கும். நாட்டைக் காப்பாற்ற வேண்டிய மூவரும் கடந்த நான்கு ஞாயிறாக ஒரு சந்தையில் நின்று ஆடு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கொப்பிகளை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. பஹீமுக்கு அது உள்ளுக்குள் சுட்டது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டான்.

இவர்களை ஆட்டுச் சந்தையிலிருந்து கிளப்புவதற்காகத்தான் அவன் அந்தப் பெரிய படத்தை வரைந்தான். பத்து நாள் பிடித்தது. கை பழகிய பழக்கத்தில் அளவுத்திட்டம் போட்டான், வடக்கு அம்புக்குறி போட்டான், சமவுயரக் கோடுகள் இழுத்தான், வலது கீழ் மூலையில் கட்டம் கட்டித் திகதியும் தன் பெயரும் எழுதிக் கையெழுத்தும் வைத்தான். ஆற்றுக்கு ஒரு வளைவு தேவைப்பட்டபோது தினமும் பஸ்ஸில் பார்க்கிற மகாவலி வளைவையே வரைந்துவிட்டான். பாம்பு விழித்தால் எதுவரை தண்ணீர் வரும் என்பதை நீலச் சாய்கோடுகளால் நிரப்பி, அதன் மேல் அழகான எழுத்தில், ‘நீர்விழுங்கி விழித்தால் மூழ்கும் பகுதி’ என்று எழுதினான்.

அலுவலக மெஷினில் சொந்த வேலை செய்வது அவனுக்குப் பிடிக்காது. ஆகவே வியாழக்கிழமை கம்பளை ரோட்டில் இருக்கும் லாபிரின் கடையில் நாலு பிரதி எடுத்தான். முதலாவது பிரதி மங்கலாக வந்ததென்று லாபிர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஐந்தாவதாக ஒன்று அடித்துக் கொடுத்தான். பஹீம் போன பிறகு ஒதுக்கிய தாளை எடுத்துப் பார்த்தான் லாபிர். ஆற்று வளைவு அவனுக்குத் தெரிந்த வளைவாக இருந்தது. விரலால் ஓரமாக நகர்ந்து வந்து பார்த்தபோது, தன்னுடைய கடை நிற்க வேண்டிய இடம் நீலக் கோட்டுக்குள் கிடந்தது.

மலைநாட்டில் தண்ணீருக்குள் போன ஊர்களின் கதை எல்லாருக்கும் தெரியும். நீர்த்தேக்கம் கட்டியபோது பள்ளிவாசலும் கோயிலும் பௌத்தப் பன்சலையும் சேர்ந்து மூழ்கியதை அங்கங்கே சொந்தக்காரர் வழியாகக் கேட்டு வளர்ந்தவர்கள். லாபிர் தாளைப் படம் பிடித்து, ஊர் அடக்கஸ்தலமான மையவாடியின் பராமரிப்புக் குழு வட்ஸ்அப்பில் போட்டான். கீழே, கெலிஓயா போகுது, வரைஞ்ச ஆள் யாரென்டு மூலையில பாருங்க என்று எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுச் சந்தையில் திவாகரன் ஒரு கிடாயின் பல்லை எண்ணிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. பதினொரு பேர். முன்னால் நின்றவர் மரக்கடை முஹைதீன் ஹாஜியார். ஊரில் எந்த விஷயமாக இருந்தாலும் கடைசியில் அவரிடம்தான் போய் நிற்பார்கள். ஸக்கியா வீட்டில் இருந்த கதிரைகளையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு பிளேன்டீக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

ஹாஜியார் சத்தம் போடவில்லை. மங்கல் தாளை மேசையில் விரித்தார்.

“தம்பி, எங்களுக்கு ஒளிக்கத் தேவையில்ல. எத்தின வருஷத்துல தண்ணி வருது? அத மட்டும் செல்லுங்க.”

இது விளையாட்டு என்று பஹீம் சொன்னான். அந்திநாடு என்று ஒரு இடமே இல்லை, எல்லாம் தன் கற்பனை, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு என்றான். திவாகரனும் தன் டொக்டர் பெயர் மேல் ஆணையாக அதையே சொன்னார். ஹாஜியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்புக்குறியின் மேல் விரலை வைத்தார்.

“விளையாட்டுப் படத்துல வடக்கு என்னத்துக்கு?”

பின்னாலிருந்த ஒருவர், திட்டத்துக்கு நீர்விழுங்கி என்று வெட்கமில்லாமல் பெயரும் வைத்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்தார். நம்பவைக்க வேறு வழி தெரியாமல் பஹீம் அலுமாரியைத் திறந்து ஆறு கொப்பிகளையும் கொண்டுவந்து அடுக்கினான். இதையெல்லாம் பார்த்தால் கற்பனை என்று விளங்கிவிடும் என்று நினைத்தான். அதுதான் அவன் செய்த பெரிய பிழை. பதினொரு பேரும் கொப்பிகளைக் கைமாற்றிப் பார்க்கப் பார்க்க அறையில் பேச்சு குறைந்துகொண்டே போனது. மழை வீழ்ச்சி அட்டவணை வந்தபோது முற்றாக நின்றது.

“முப்பத்தெட்டு வருஷ மழைய அளந்து வெச்சீக்கிறீங்க,” என்றார் ஹாஜியார்.

“அளக்கல்ல ஹாஜியார். யோசிச்சு எழுதின.”

யோசித்து எழுதியது என்பதுதான் அவர்களை இன்னும் கலக்கியது. இவ்வளவையும் ஒரு மனிதன் சும்மா இருந்து எழுதுவான் என்று எப்படி நம்புவது? கடைசியில் ஹாஜியார் மூன்று கொப்பிகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படித்துவிட்டுத் தருகிறேன் என்று எழுந்தார். பிளேன்டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அந்தக் கிழமை பஹீமுக்கு லேசாகப் போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தங்கள் வீட்டு உயரத்தைச் சொல்லி, தப்புமா என்று கேட்டார்கள். அலுவலகத்தில் பெரியவர், வெளியே யாருக்காவது அணைக்கட்டு வரைகிறாயா என்று விசாரித்தார். இறைச்சிக் கடையில் அவனுக்கு வரிசையே இல்லாமல் வெட்டிக் கொடுத்தார்கள். அது மரியாதையா பயமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை அஸர் தொழுகை முடிந்து ஹாஜியார் தனியாக வந்தார். கொப்பிகளுக்குள் துண்டுக் கடதாசிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் துண்டைத் திறந்தார். இரண்டாம் கொப்பியில் சாம்பலாறு கிழக்கே ஓடுகிறது, மூன்றாம் கொப்பியில் அதே ஆறு மேற்கே, அதுவும் மேட்டில் ஏறி ஓடுகிறது, எப்படி என்று கேட்டார். பஹீம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தான். ஹாஜியார் சொன்னது சரி. பிறகு உப்புச் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்றார். ஒரு வியாபாரி நினைத்தால் மூன்றாம் நாளே அதற்குள் நுழைந்துவிடுவான் என்றார். விதவைக்குரிய மரங்களில் பலா சேருமா என்று எழுதப்படவில்லை என்றார். மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரைக்கும் இருவரும் குனிந்த தலை நிமிராமல் அந்திநாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பஹீமுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மூன்று வருடத்தில் முதல் முறையாக ஒரு மனிதர் அவன் எழுதியதைப் படித்திருக்கிறார், அதுவும் பிழை கண்டுபிடிக்குமளவுக்கு.

எழும்பும்போது பஹீம் தயங்கித் தயங்கிக் கேட்டான், இப்போதாவது இது விளையாட்டு என்று நம்புகிறீர்களா என்று.

“விளையாட்டோ என்னமோ, தம்பி. எழுத்துல ஈக்கிறது எழுத்துலதான் மாறோணும். அந்த நீலக் கோட்ட எடுத்துப் போடுங்க. ஊர்ச்சனம் நிம்மதியா உறங்கட்டும்.”

ஹாஜியார் போன பிறகு ஸக்கியா, ஒரு அழிறப்பர் எடுத்து இரண்டு நிமிடத்தில் முடிக்கிற வேலைதானே என்றாள். பஹீம் முடியாது என்றான். காரணம் இல்லாமல் ஒரு நாட்டில் எதையும் மாற்ற முடியாது. பாம்பு எழுநூறு வருடமாக அங்கே கிடக்கிறது, யாராவது போய்ப் பேசி அது சம்மதித்தால் தவிர அது எங்கே போகும் என்று கேட்டான். முகம் சிவந்திருந்தது.

“அப்ப அவங்களையே அனுப்புங்க,” என்றாள் ஸக்கியா. “எங்கள நம்பினா இன்னும் ஆடுதான் வாங்குவம்.”

அப்படித்தான் அடுத்த ஞாயிறு ஹாஜியாரும், லாபிரும், இன்னும் மூன்று பேரும் மேசையில் வந்து உட்கார்ந்தார்கள். வேடம் என்ன என்று பஹீம் கேட்டதற்கு ஹாஜியார், முஹைதீன், மரக்கடை என்றார். அந்திநாட்டிலும் அதுவேயா என்று கேட்டான். எங்கே போனாலும் அதுதான் என்றார். பகடையைப் பார்த்ததும் அவர் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். சூதாட்டப் பொருளைக் கையால் தொடுவதில்லை என்பது அவர் நிலை. பந்தயம் ஒன்றும் இல்லை என்று விளக்கியும் மசியவில்லை. முடிவில், டொக்டர் உருட்டட்டும், பலன் மட்டும் தன் பெயரில் இருக்கட்டும் என்று ஏற்பாடானது.

ஆட்டுச் சந்தையை அவர்கள் நின்று பார்க்கக்கூட இல்லை. மூன்று வருடமாகத் திவாகரனும் சிந்துஜாவும் ஸக்கியாவும் போகாத குகைக்கு அரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் நின்ற காவல் பூதத்திடம் லாபிர் ஸலாம் சொல்லி, அதன் குடும்பத்தை விசாரித்தான். அந்தப் பூதத்துக்குக் குடும்பம் இருக்கிறது என்பது நான்காம் கொப்பியில் எழுதியிருந்தது. அதை முதன்முதலில் கேட்ட ஆள் லாபிர்தான். பூதம் கண்கலங்கி வழி விட்டது.

நீர்விழுங்கிக்காக பஹீம் குரலை அடித் தொண்டைக்கு இறக்கினான். என் தூக்கத்தைக் கலைத்தவன் யார் என்று கர்ஜித்தான். உள்ளே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த ஸக்கியாவின் தங்கச்சி பயந்து கத்தியைக் கீழே போட்டாள். ஹாஜியார் அசையவில்லை.

“நீங்க எப்ப இருந்து இங்க ஈக்கிறீங்க?”

“எழுநூறு வருடமாக.”

“காணிக்கு உறுதி ஈக்கா?”

பாம்பு கொப்பியைப் புரட்டிப் பார்த்தது. வாள், நெருப்பு, மந்திரம், தந்திரம் எல்லாவற்றுக்கும் பஹீம் பதில் எழுதி வைத்திருந்தான். காணி உறுதிப் பத்திரம் கேட்பார்கள் என்று அவன் நினைத்ததில்லை, இத்தனைக்கும் பகல் முழுவதும் உறுதிகளோடு புழங்குகிறவன் அவன். ஹாஜியார் அடுக்கடுக்காகக் கேட்டார். எல்லைக் கல் எங்கே, அயல் காணிக்காரருக்கு அறிவித்தீர்களா, ஏழு ஆற்றை விழுங்கியதற்கு யாரிடம் அனுமதி எடுத்தீர்கள்? கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருந்தது. பாம்பை அவர் ‘நீங்க’ என்றே பேசினார். பஹீமின் குரல் மெல்ல மெல்ல ஏறி, பாம்பு கடைசியில் சாதாரணக் குரலில், தனக்கு வேறு போக்கிடம் இல்லை என்றது. இதற்கு ஒரு உருட்டல் தேவை என்றான் பஹீம். திவாகரன் உருட்டினார். பத்தொன்பது.

“உங்களுக்கு நல்லா வேலை செய்யுது ஹாஜியார்,” என்றார் திவாகரன், கொஞ்சம் பொறாமையோடு. “நான் உருட்டினா ஒரு நாளும் உப்பிடி விழாது.”

பாம்பு இடம் மாறச் சம்மதித்தது. மேற்கே, படத்தின் ஓரத்தில், ஒன்றும் வரையாமல் விட்டிருந்த கருமேட்டுக்கு. பஹீம் எல்லார் முன்னிலையிலும் ஆற்று வளைவிலிருந்த நீலக் கோடுகளை அழித்தான். திருத்தம் என்று எழுதித் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தான். லாபிர் அதைப் படம் பிடித்து மையவாடிக் குழுவுக்கு அனுப்பினான். கருமேட்டில் பஹீம் புதுக் கோடுகளை இழுக்கத் தொடங்கியபோதுதான், அன்று முழுவதும் பேசாமல் இருந்த சிந்துஜா வாயைத் திறந்தாள்.

“அங்க யாரு இருக்காங்க?”

அது வெறும் இடம், ஒருவரும் இல்லை என்றான் பஹீம்.

“யாரும் இல்லன்னு எழுதியிருக்கீங்களா, இல்ல யாருன்னு எழுதலையா?”

பஹீம் ஆறாம் கொப்பியைப் புரட்டினான். கருமேடு என்று ஒரு தலைப்பு இருந்தது. அதன் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது. கோடு இழுத்த பென்சிலைக் கீழே வைத்தான். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு ஆட்டம் அத்தோடு முடிந்தது. மறுநாள் ஹாஜியார் வீட்டிலிருந்து ஒரு பெரிய தட்டு வட்டலப்பம் வந்தது. ஊர் அமைதியானது.

இரண்டு கிழமைக்குப் பிறகு சிந்துஜா வந்தபோது அவளோடு அவளுடைய மாமன் பழனியாண்டியும் அத்தை பாப்பம்மாவும் வந்திருந்தார்கள். மடுல்கெல்லயிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்தவர்கள். பழனியாண்டி சட்டைப் பைக்குள் பேனையும், பாப்பம்மா மடியில் ஒரு பை மரக்கறியும் வைத்திருந்தார்கள். சிந்துஜாவுக்கு வெட்கம். இது பொய்யான நாடு என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை என்றாள்.

“பொய்யின்னு தெரியுங்க,” என்றார் பழனியாண்டி. “புள்ள வெளக்கமா சொல்லுச்சு. அந்த கருமேட்டுல எங்க லயத்த போட முடியுமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்.”

பிறகு அவர் விஷயத்தைச் சொன்னார். அவர்களுடைய லயத்தில், தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், நாற்பத்தெட்டு வீடு. நாற்பத்தெட்டுக்கும் ஒரே விலாசம், தோட்டத்தின் பெயர். தபால் எல்லாம் ஆபீசுக்கு வந்து சாக்கு போல ஒரு பெட்டிக்குள் விழும். பழனியாண்டி என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். அவருக்கு வந்த கண் கிளினிக் கடிதத்தை வேறொரு பழனியாண்டி எடுத்துக்கொண்டு போய்க் கண்ணைச் சோதித்துவிட்டு வந்திருக்கிறார். தெருப் பெயர், வீட்டு இலக்கம் என்று படிவத்தில் வரும் கட்டங்களில் வாழ்நாளில் ஒன்றும் எழுதியதில்லை. எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

பஹீம் பாம்பைப் பற்றி எச்சரித்தான். அது அங்கேதான் வருகிறது, விழித்தால் தண்ணீர் வரும் என்றான். அதற்கு பாப்பம்மா, தங்களை மேட்டுப் பக்கம் போட்டுவிடச் சொன்னாள். தாங்கள் மலையில் இருந்து பழகியவர்கள், தண்ணீர் கீழேதான் போகும் என்றாள்.

அன்று பஹீம் புதுத் தாள் எடுத்தான். அளவுத்திட்டம் பெரிதாக்கி, வீடு வீடாக வரைந்தான். பழனியாண்டி பக்கத்தில் நின்று திருத்தினார். பன்னிரண்டாம் வீட்டுக் கதவு குழாய்ப் பக்கம் பார்க்கும், முப்பதாம் வீட்டுக்காரன் கோழிக்கூட்டை முன்னுக்கு இழுத்துக் கட்டியிருக்கிறான், அதை வரையக் கூடாது, வரைந்தால் சொந்தமாகிவிடும் என்றார். தெருவுக்குப் பெயர் வைக்கும்போது புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சண்டை வந்தது. அவர் தன் தகப்பனார் பெயரைச் சொன்னார். அந்த மனிதர் குடித்துவிட்டு அந்தத் தெருவில்தான் விழுந்து கிடப்பார், அவர் பெயரை எழுதினால் வேறு தெருவுக்குக் குடிபோவேன் என்றாள் பாப்பம்மா. வேறு தெரு இல்லை என்று சிந்துஜா சொன்னதும், அப்படியானால் ஒன்று வரையச் சொன்னாள். பஹீம் வரைந்தான். மாலைக்குள் மேல்கருமேட்டில் மூன்று தெருக்கள் இருந்தன. பழனியாண்டி தகப்பனார் தெருவில் நாலாம் இலக்கத்திலும், பாப்பம்மா பூவரசந் தெருவில் பதினேழாம் இலக்கத்திலும் ஆனார்கள். சமைக்கிற நேரத்துக்கு அவர் வந்து போகலாம் என்று முடிவானது.

ஆட்டம் ஆட வந்த திவாகரன் அன்று முழுவதும் பென்சில் சீவிக் கொடுத்தார்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் பகல், தபால்காரர் பஹீமின் வீட்டுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி ஒரு கடிதத்தை நீட்டினார். பெயர் பாப்பம்மா. இல. 17, பூவரசந் தெரு, மேல்கருமேடு, அந்திநாடு, கெலிஓயா. தபால் கந்தோரில் இதை எங்கே போடுவதென்று ஒரு நிமிடம் யோசித்ததாகவும், அந்த நாடு உங்களுடையது என்பது கெலிஓயாவில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றும் சொன்னார். மேல்கருமேட்டுக்கு எந்த பஸ் என்று கேட்டார். பஹீம் பஸ் இல்லை என்றான். அப்படியானால் இங்கேதான் தர வேண்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார்.

ஸக்கியா கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதை ஞாயிறு வரை வைத்திருக்க இருவருக்கும் மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பஹீம் அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டான். திவாகரனின் காரில் சிந்துஜாவையும் ஏற்றிக்கொண்டு மடுல்கெல்லக்குப் போனார்கள். தோட்டத்து ரோட்டில் கார் பாதியில் நின்றுவிட்டது. மீதியை நடந்து ஏறினார்கள்.

பாப்பம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினாள். முன்பக்கத்தை நீண்ட நேரம் பார்த்தாள். சிந்துஜாவைக் கூப்பிட்டு, விலாசத்தை ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னாள். அடுத்த வீட்டுக்காரர்களும் வந்து நின்று கேட்டார்கள். பதினெட்டாம் வீட்டுக்காரி, தன் இலக்கத்துக்கு முந்திய இலக்கம் என்பதால் தானும் அந்தத் தெருவா என்று உறுதிப்படுத்திக்கொண்டாள்.

கடிதத்தைப் பிரிக்கவில்லையே, உள்ளே என்ன இருக்கிறது என்று பஹீம் கேட்டான்.

“உள்ள ஒண்ணும் இல்லங்க. வெறுங் காயிதம். நாந்தான் கண்டிக்குப் போனப்ப புள்ளையோட போயி தபால் பெட்டில போட்டேன். வருதான்னு பார்த்தேன், வந்திருச்சு.”

பிறகு எல்லாரையும் உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் வைக்க உள்ளே போனாள். பழனியாண்டி தன் பேனையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, திவாகரனிடம் கடித உறை ஒன்று கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார்.